ஸ்டோரேஜில் ஒரு கன்ட்ரோலர் திணறுகிறது, இன்னொன்று சும்மா இருக்கிறது: டிஸ்க்குகளைச் சரிபாதியாகப் பிரித்துக் கொடுத்தால் சரியாகிவிடுமா?

உங்கள் கேள்வியில் இருந்து எனக்குப் புரிந்தது இது: நெட்ஆப் எஃப்ஏஎஸ் ஸ்டோரேஜ், இரண்டு நோடு (அதாவது கன்ட்ரோலர்), நான்கு ஷெல்ஃப் (டிஸ்க்குகளை அடுக்கும் பெட்டி), மொத்தம் 96 டிஸ்க். அதில் 72 முதல் நோடிடம், 24 இரண்டாவதிடம். முதல் நோடின் சிபியு 90 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது, மற்றது 20ஐத் தாண்டுவதில்லை. ஆளுக்கு 48 என்று மாற்றிவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

மாற்றலாம். ஆனால் அதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். உங்கள் தாமதம் ப்ராசஸரில் பிறக்கிறதா, டிஸ்க்கில் பிறக்கிறதா? நெட்ஆப்பின் இயங்குதளமான ஆன்டாப்பில் சிபியு சதவீதத்தை மட்டும் வைத்து இதைச் சொல்ல முடியாது. பின்னணி வேலைகள் காலியாக இருக்கும் சிபியுவை எடுத்துக்கொள்வதால் அந்த எண் பல நேரம் பயமுறுத்தும். க்யூஓஎஸ் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் வால்யூம் லேட்டன்சி ஷோ என்ற கமாண்டை, வேலை உச்சத்தில் இருக்கும் நேரத்தில் ஓடவிடுங்கள். ஒவ்வொரு வால்யூமின் (டேட்டா வைக்கும் தனிப் பகுதியின்) தாமதத்தையும் நெட்வொர்க், கிளஸ்டர், டேட்டா, டிஸ்க் என்று பிரித்துக் காட்டும். டேட்டா என்ற பத்தி பெரிதாக இருந்தால் நோடின் ப்ராசஸர்தான் திணறுகிறது. டிஸ்க் பத்தி பெரிதாக இருந்தால் டிஸ்க்குகள் திணறுகின்றன, அப்போது அவற்றின் உரிமையாளரை மாற்றி ஒரு பயனும் இல்லை. 7200 ஆர்பிஎம் டிஸ்க் விநாடிக்குச் சுமார் 75 முதல் 80 ஐஓ (படித்தல், எழுதுதல்) தரும். எந்த நோடிடம் கொடுத்தாலும் அதே 80தான்.

ப்ராசஸர்தான் பிரச்சினை என்று உறுதியானால் மேலே படியுங்கள்.

டிஸ்க்கைக் கையால் கழற்றி இடம் மாற்ற வேண்டியதே இல்லை. கேபிள் முறையாகப் போட்டிருந்தால் இரண்டு கன்ட்ரோலருக்கும் எல்லா ஷெல்ஃபும் தெரியும். உரிமை என்பது சாஃப்ட்வேர் எழுதிவைக்கும் ஒரு குறிப்பு மட்டுமே. ஆனால் ஒரு அக்ரிகேட்டில் (வால்யூம்களைத் தாங்கும் டிஸ்க் தொகுப்பில்) இருக்கும் டிஸ்க்குகள் எல்லாம் ஒரே நோடுக்குத்தான் சொந்தமாக இருக்க முடியும். அதிலிருந்து நாலைந்து டிஸ்க்கை மட்டும் உருவி எடுக்க முடியாது. ஒருமுறை சேர்த்துவிட்டால் அக்ரிகேட்டையே அழித்தால்தான் வெளியே வரும்.

முதல் நோடில் உங்களுக்கு இரண்டு மூன்று டேட்டா அக்ரிகேட்டுகள் இருந்தால் வேலை மிகச் சுலபம். அக்ரிகேட் ரீலொகேஷன் என்ற வசதி 8.2 பதிப்பிலிருந்தே இருக்கிறது. ஒரு அக்ரிகேட்டை முழுதாக ஜோடி நோடிடம் ஒப்படைத்துவிடும். டேட்டா ஒரு பைட்டும் நகல் ஆவதில்லை, டிஸ்க்குகளின் உரிமை மட்டும் மாறும், சேவையும் நிற்காது. நோடின் சிஸ்டம் தகவல் இருக்கும் ரூட் அக்ரிகேட்டை மட்டும் இப்படி நகர்த்த முடியாது. ஒவ்வொரு அக்ரிகேட்டும் ஏறக்குறைய ஒரு ஷெல்ஃப் அளவு என்றால், ஒன்றை நகர்த்தியதும் 48க்கு 48 வந்துவிடும்.

எங்களுக்கு அந்த வசதி வாய்க்கவில்லை. முதல் நோடில் ஒரே பெரிய அக்ரிகேட். மாதக் கடைசியில் பேட்ச் ஜாப் ஓடும்போது டேட்டாபேஸ் குழுவிலிருந்து அழைப்பு வந்துகொண்டே இருக்கும். புதிதாக ஒரு ஷெல்ஃப் வாங்கி, ஏற்கெனவே இருந்த ஸ்டாக்கின் (கேபிளால் தொடராக இணைத்த ஷெல்ஃப்களின்) கடைசியில் மாட்டினோம். இரண்டாவது நோடுக்கென்று வாங்கிய 24 டிஸ்க்கும் முதல் நோடிடமே போய்ச் சேர்ந்தன. புது டிஸ்க்குக்குத் தானாக உரிமையாளரை ஒதுக்கும் ஆட்டோ அசைனின் கொள்கை ஸ்டாக் என்று இருந்தது, அந்த ஸ்டாக் முழுவதும் முதல் நோடுக்குச் சொந்தம். அதனால் அது தன் விதிப்படி செய்தது.

நானும் உடன் பணிபுரியும் அண்ணன் ஒருவரும் இரவு ஷிஃப்டில் உட்கார்ந்து உரிமையை நீக்கினோம். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் எல்லா டிஸ்க்கும் மறுபடி முதல் நோடிடமே. இன்னொரு முறை நீக்கினோம், இன்னொரு முறை திரும்பின. ஷெல்ஃப் மாட்யூலில் கோளாறோ என்று ஒரு மணி நேரம் தேடினோம். காரணம் இதுதான்: சொந்தக்காரர் இல்லாத டிஸ்க் இருக்கிறதா என்று ஆட்டோ அசைன் 5 நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்கும். முதலில் இரண்டு நோடிலும் ஆட்டோ அசைனை நிறுத்துங்கள், பிறகு உரிமையை நீக்குங்கள், பிறகு புது நோடுக்குக் கொடுங்கள். இந்த வரிசை மாறக் கூடாது. தொடும் டிஸ்க்குகள் ஸ்பேர்தானா (எந்த அக்ரிகேட்டிலும் சேராதவைதானா) என்று ஒன்றுக்கு இரண்டு முறை பாருங்கள்.

அதன் பிறகு இரண்டாவது நோடில் புது அக்ரிகேட் உருவாக்கி, வால்யூம்களை நகர்த்தினோம். நாற்பதுக்கும் மேல் வால்யூம் இருந்தும் சுமையில் பெரும்பகுதி மூன்றே மூன்றிலிருந்துதான் வந்தது. எனவே எண்ணிக்கையைச் சமமாக்க முயலாதீர்கள், ஐஓ அதிகமுள்ளதை முதலில் எடுங்கள். வால்யூம் மூவ் பின்னணியில் நகலெடுத்து, கடைசியில் சிறிது நேரம் மட்டும் நிறுத்தி மாற்றும். அந்த மாற்றத்தை மட்டும் பேட்ச் ஓடாத நேரத்துக்குத் தள்ளிவையுங்கள்.

நகர்த்திய பிறகும் முதல் நோடின் சுமை எதிர்பார்த்த அளவு குறையவில்லை. என்எஃப்எஸ் லிஃப், அதாவது சர்வர்கள் ஃபைல்களைக் கேட்டு வரும் நெட்வொர்க் முகவரி, இன்னும் பழைய நோடிலேயே இருந்தது. கோரிக்கை முதல் நோடில் நுழைந்து, கிளஸ்டர் நெட்வொர்க் வழியாக இரண்டாவதுக்குப் போய், அதே வழியில் திரும்பிக்கொண்டிருந்தது. லிஃபையும் மாற்றி, அதன் ஹோம் நோடையும் (அது வழக்கமாகத் தங்கும் நோடு) மாற்றிய பிறகுதான் நிம்மதி. ஃபைபர் சேனலில் இப்படி மாற்ற வேண்டியதில்லை. எந்தப் பாதை நேரானது என்று ஏஎல்யுஏ என்ற நெறிமுறை மூலம் சர்வருக்குத் தெரிந்துவிடும். சர்வரில் மல்டிபாத் (பல பாதைகளைக் கையாளும் மென்பொருள்) சரியாக இருக்கிறதா என்று மட்டும் உறுதி செய்யுங்கள்.

உங்கள் எண்களில் ஒரு விஷயம் எனக்குக் கவலையாக இருக்கிறது. 90ம் 20ம் சேர்ந்தால் 110. பின்னணி வேலைகளும் அதில் கலந்திருப்பதால் இந்தக் கூட்டல் துல்லியமானதல்ல. ஆனாலும் நீங்கள் 55, 55 என்று பிரித்த பிறகும், ஒரு நோடு விழுந்து மற்றது அதன் வேலையையும் ஏற்கும் (டேக்ஓவர்) நேரத்தில் மொத்தச் சுமையும் ஒரே தலையில்தான் விழும். ஆன்டாப் அப்கிரேடின்போதும் இதே நிலைதான். பிரிப்பதால் அன்றாட வேகம் கூடும், மொத்தக் கொள்ளளவு கூடாது. இதை மேலாளரிடம் இப்போதே எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் ஆட்டோ அசைன் நிறுத்தியபடியே கிடக்கிறதா என்று பாருங்கள். அப்படி விட்டால், பழுதான டிஸ்க்கை மாற்றி மாட்டும்போது புது டிஸ்க்கை யாரும் உரிமை கொண்டாட மாட்டார்கள். அது ஸ்பேராகவும் சேராது. ஸ்பேர் ஒவ்வொன்றாகத் தீர்ந்துகொண்டிருக்கும். நாங்கள் கொள்கையை ஷெல்ஃப் என்று மாற்றிவிட்டு, ஆட்டோ அசைனை மறுபடி ஓடவிட்டோம். ஒரே ஷெல்ஃபை இரண்டு நோடுக்கும் பங்கு போட்டிருந்தால் அந்தக் கொள்கை பொருந்தாது. அதற்கு பே என்ற கொள்கை இருக்கிறது; உங்கள் பங்கீடு அதற்கும் ஒத்துவராவிட்டால், புது டிஸ்க்கைக் கையால்தான் அசைன் செய்ய வேண்டும்.