ஆர்.சி.யில் ஒரு வண்டி, சாலையில் ஒரு வண்டி

சென்ற முறை பழைய கார் வாங்குவது பற்றி ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுதினேன். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று, ஆர்.டி.ஓ., பழைய கார், மாற்றிய கார் என்றே இருக்கின்றன. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். "தங்கள் பகுதியைத் தவறாமல் படிக்கிறேன்" என்ற வரியை எல்லாவற்றிலும் எடுத்துவிட்டேன். உண்மையிலேயே படித்திருந்தால் சில கேள்விகள் வந்திருக்காது.

என்னுடையது 2009 மாடல் மாருதி 800. வாங்கும்போதே லைஃப் டாக்ஸ் கட்டிவிட்டேன். இப்போது எஃப்.சி. முடிந்துவிட்டது என்று போலீஸ்காரர் நிறுத்துகிறார். ஆயுளுக்கும் வரி கட்டியவனை இப்படி நிறுத்தலாமா?
– வாசகர், திருச்சி

நிறுத்தலாம். வரி வேறு, பதிவு வேறு. எஃப்.சி. என்று நீங்கள் சொல்வது இந்தப் பதிவைப் புதுப்பிப்பதைத்தான். சொந்த உபயோகக் காரின் பதிவு, பதிவான நாளிலிருந்து 15 ஆண்டுகளுக்குத்தான். முடியும் தேதி உங்கள் ஆர்.சி.யிலேயே, அதாவது பதிவுச் சான்றிலேயே இருக்கிறது. இத்தனை ஆண்டுகளில் ஒருமுறைகூட அதைப் பார்க்கவில்லையா?

அதற்குப் பிறகு மோட்டார் வாகன ஆய்வாளர், அதாவது நம் ஊரில் இன்னும் பிரேக் இன்ஸ்பெக்டர் என்று அழைக்கப்படுபவர், வண்டியைப் பார்த்துச் சரி என்றால் ஐந்து ஆண்டுகளுக்கு நீட்டிப்பார்கள். ஐந்தைந்து ஆண்டுகளாக எத்தனை முறை வேண்டுமானாலும் நீட்டிக்கலாம், வண்டி தேறும் வரை. படிவம் 25-இல் விண்ணப்பிக்க வேண்டும். முடியும் நாளுக்கு 60 நாட்கள் முன்பிருந்தே கொடுக்கலாம். கட்டணம் 2022 ஏப்ரல் முதல் காருக்கு 5,000 ரூபாய். 2025 ஆகஸ்டில் வந்த அறிவிப்பின்படி 20 ஆண்டு தாண்டிய காருக்கு 10,000. தமிழ்நாட்டில் பசுமை வரியும் சேரும். விளக்குகள், ஹாரன், வைப்பர், பிரேக், ஹேண்ட்பிரேக், டயர், கதவுக்கடியில் துரு ஆகியவற்றை முதலில் உங்கள் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். சேஸிஸ் நம்பர் இருக்கும் இடத்தைத் துடைத்து, எழுத்துகள் தெரிகின்றனவா என்றும் பாருங்கள். பலரது வண்டி அந்த ஒரு காரணத்துக்காகத் திரும்பி வருகிறது.

அதுவரை வண்டியை எடுக்காதீர்கள். பதிவில்லாத வண்டி ஓட்டியதாக முதல் முறையே 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. அதைவிடப் பெரிய பயம் காப்பீடு. தற்காலிகப் பதிவு காலாவதியான கார் ஒன்று திருடுபோன வழக்கில், நிறுவனம் பணம் தர வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் சொல்லிவிட்டது. பிரீமியம் ஒழுங்காகக் கட்டியிருக்கிறேன் என்று அங்கே வாதாடிப் பயனில்லை.

கண்ணாடிக்கு மெல்லிய சன் ஃபிலிம் ஒட்டினேன். அதில் தர முத்திரை எதுவும் இல்லை. "ஆர்.டி.ஓ. அப்ரூவ்டு" என்று கடைக்காரர் சொன்னார். சரிதானே?
– வாசகர், வேலூர்

அதே இரண்டு வார்த்தைகளைப் பில்லில் எழுதி முத்திரை வைத்துத் தரச் சொல்லுங்கள். அவர் முகம் பதில் சொல்லும்.

விதிப்படி முன், பின் கண்ணாடிகள் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடிகள் 50 சதவீதமும் வெளிச்சத்தை உள்ளே விட வேண்டும். கடையில் ஒட்டும் ஃபிலிம் எந்த அளவு மெல்லியதாக இருந்தாலும் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் சொன்னது. பிறகு விதி திருத்தப்பட்டதை வைத்து, இந்தியத் தர நிர்ணயத்துக்கு உட்பட்ட ஃபிலிமுக்குக் கேரள உயர் நீதிமன்றம் 2024-இல் இடம் கொடுத்தது. உங்கள் ஃபிலிமில் எந்தத் தர முத்திரையும் இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பிறகென்ன, எஃப்.சி.க்கு முன் உரித்துவிடுங்கள்.

அப்பா விட்டுச்சென்ற 1972 அம்பாசடர் இருக்கிறது. எண்பதுகளில் அதற்கு டீசல் எஞ்சின் மாற்றினார். 50 ஆண்டு கடந்த வண்டிக்கு "விஏ" நம்பர் தருகிறார்களாமே? வாங்கிவிட்டால் எஃப்.சி. தொல்லை இல்லாமல் தினமும் கடைக்கு ஓட்டலாம் அல்லவா?
– வாசகர், கோவை

இரண்டு பக்கமும் அடிபடுகிறீர்கள். 2021 ஜூலையில் வந்த பழம்பெரும் வாகன விதி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கானது. ஆனால் சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவை பெரிய மாற்றமில்லாமல் பழைய உருவத்தில் இருக்க வேண்டும். டீசல் எஞ்சின் ஏறிய அம்பாசடர் அங்கேயே விழுந்துவிடும். அப்படியே கிடைத்தாலும் அந்த நம்பரோடு தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, பழைய கார் ஊர்வலம், தொழில்நுட்ப ஆய்வு, பெட்ரோல் போடுவது, பட்டறைக்குப் போவது, அவ்வளவுதான். புதிதாகப் பதிய 20,000 ரூபாய், பத்து ஆண்டுகள் செல்லும்.

உங்கள் முதல் வேலை வேறு. ஆர்.சி.யில் எரிபொருள் என்ற இடத்தில் என்ன இருக்கிறது? அந்தக் காலத்தில் பெட்ரோல் அம்பாசடரில் மெட்டாடர் எஞ்சினை இறக்கி ஓட்டியவர்கள் நம் பக்கம் ஏராளம். அதை முறையாகப் பதிந்தவர்களும் உண்டு, பட்டறையோடு விட்டவர்களும் உண்டு. உங்கள் அப்பா பதிந்திருந்தால் சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொண்டு ஓட்டுங்கள். பதியவில்லை என்றால் ஆய்வாளர் எஞ்சின் நம்பரை ஒப்பிடும் நிமிடத்தில் வண்டி நின்றுவிடும். ஆர்.சி.யை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

முன்னால் இரும்பு பம்பர் கார்டு மாட்டலாமா? ஊரில் எல்லோரும் மாட்டியிருக்கிறார்கள்.
– வாசகர், தேனி

கூடாது. 2017 டிசம்பரிலேயே மத்திய அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. எல்லோருக்கும் அபராதம் போடட்டும், நீங்கள் அந்த வரிசையில் நிற்க வேண்டாம்.

எனக்குத் தெரிந்த டயர் கடையில் எஃப்.சி. நாளுக்கு மட்டும் நல்ல டயர் வாடகைக்குத் தருகிறார்கள். என் காரில் அகலமான அலாய் வீலும் சத்தமான சைலன்சரும் வெள்ளை ஹெட்லைட்டும் இருக்கின்றன. அன்று ஒருநாள் பழையதை மாட்டிவிட்டு மாலையில் மாற்றிக்கொள்ளலாம் என்கிறார் கடைக்காரர். இதில் ஏதும் சிக்கல் உண்டா?
– வாசகர், சேலம்

எத்தனை ஆண்டுகளாக இந்தக் கடிதத்துக்காகக் காத்திருக்கிறேன்!

ஆர்.டி.ஓ. அலுவலகம் இருக்கும் தெருவில் காலை எட்டு மணிக்குப் போய் நின்று பாருங்கள். ஜாக்கி போட்டு வீல் மாற்றும் வண்டி ஒன்று, கண்ணாடியில் ஃபிலிமைப் பிளேடால் சுரண்டும் வண்டி ஒன்று, அடுத்தவன் வண்டியிலிருந்து ஸ்டெப்னியைக் கடன் கேட்கும் வண்டி ஒன்று. பகல் ஒரு மணிக்கு அதே தெருவில் எல்லாம் தலைகீழாக நடக்கும். கையில் ஐந்து ஆண்டுக்குச் சான்று, காலடியில் வழுக்கை டயர். யாரை ஏமாற்றினீர்கள்? ஆய்வாளர் அந்த வண்டியில் ஏறப் போவதில்லை. உங்கள் மனைவியும் பிள்ளைகளும்தான் ஏறப் போகிறார்கள்.

டயர் பள்ளத்துக்கு 1.6 மில்லிமீட்டர் என்று ஓர் அளவு வைத்திருப்பது அலுவலகத்துக்குப் பொழுது போகாமல் அல்ல. மழைத் தண்ணீர் அந்தப் பள்ளத்தின் வழியாகத்தான் வெளியேற வேண்டும். பள்ளம் இல்லாவிட்டால் டயர் தண்ணீரின்மேல் மிதக்கும், பிரேக்கை மிதித்தும் பயனிருக்காது. டயரின் வரிகளுக்கு இடையே சிறு மேடுகள் இருக்கும். மேற்பரப்பு தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயரின் கதை முடிந்தது. இதைப் பார்க்க ஆய்வாளர் எதற்கு? குனிந்தால் போதும்.

அகல வீல் அழகுதான். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால் மட்கார்டில் உரசுகிறதா என்று பார்த்தீர்களா? டயரின் மொத்த உயரம் மாறினால் ஸ்பீடோமீட்டர் தப்பாகக் காட்டும் என்று கடைக்காரர் சொன்னாரா? வெள்ளை ஹெட்லைட் பற்றி என்னாலேயே சொல்ல முடியும். சாதாரண ஹாலோஜன் பல்புக்காகச் செய்த குடுவையில், சந்தையில் மலிவாகக் கிடைத்த வெள்ளைப் பல்பு இரண்டை வாங்கி மாட்டி ஓட்டியவன் நான். வெளிச்சம் சாலையில் விழவில்லை, எதிரே வருபவர் கண்ணில் விழுந்தது. திண்டிவனத்துக்கு அருகே ஒரு லாரி ஓட்டுநர் வண்டியை நிறுத்தி என்னிடம் சொன்னதை இங்கே அச்சிட முடியாது. கடைக்காரர் பல்பைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் இல்லை.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து வண்டி மாறக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். உங்கள் கடிதத்தில் எத்தனை மாற்றங்கள் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். விபத்து நடந்தால் காப்பீட்டு சர்வேயர் வந்து முதலில் படமெடுப்பது சக்கரத்தைத்தான். அன்று டயர் கடைக்காரர் வாடகைக்குக்கூடத் துணைக்கு வரமாட்டார்.

செகண்ட் ஹேண்ட் கடையில் 3.40 லட்சத்துக்கு ஒரு கார் வாங்கினோம். "சி.என்.ஜி. கிட் போட்டது, பேப்பர் எல்லாம் கிளியர்" என்று விளம்பரம். பெயர் மாற்றப் போனபோதுதான் ஆர்.சி.யில் பெட்ரோல் என்று மட்டும் இருப்பது தெரிந்தது. சிலிண்டருக்கும் சான்று இல்லை. கடைக்காரர் போனை எடுப்பதில்லை. என் கணவரின் பி.எஃப். பணம் அது.
– வாசகி, மதுரை

அம்மா, தவறு உங்களுடையதல்ல. "கிளியர்" என்று எழுதி விற்றவனுடையது. நான் வாங்கிய பழைய பத்மினி காரின் தரையில் புதிதாகக் கறுப்பு அண்டர்கோட்டிங் பூசித் தந்தார்கள். அது உரிந்தபோது கீழே தகரமே இல்லை, தார் சாலை தெரிந்தது. ஆகவே இந்த மனிதர்களை எனக்குத் தெரியும்.

முதலில் உயிர். சி.என்.ஜி. சிலிண்டரை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அழுத்தச் சோதனை செய்ய வேண்டும். சான்று இல்லாத சிலிண்டரில் கேஸ் நிரப்பாதீர்கள். கேஸை மூடிவிட்டு, வண்டியை நிறுத்தி வையுங்கள். கிட் பெட்டியிலும் சிலிண்டர் கழுத்திலும் பொறித்துள்ள எண்களைப் படமெடுங்கள். உங்கள் மாடலுக்கு ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனை நிறுவனத்தின் ஒப்புதல் பெற்ற கிட் அது என்றால், அங்கீகாரம் பெற்ற பட்டறையின் சான்றோடு ஆர்.சி.யில் ஏற்ற வழி இருக்கிறது. பட்டறையில் எங்கிருந்தோ கழற்றி மாட்டிய கிட் என்றால் கழற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. இரண்டில் எதுவானாலும் செலவு கடைக்காரருடையது.

அடுத்து அவர். 2023 ஏப்ரல் முதல் பழைய கார் வியாபாரிகள் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும். வண்டியின் முந்தைய உரிமையாளர் அதைக் கடையில் விட்டதை 29சி படிவத்தில் தெரிவிக்க வேண்டும். கடைக்காரரிடம் அந்த அங்கீகாரச் சான்று இருக்கிறதா என்று உங்கள் ஆர்.டி.ஓ.விடம் எழுத்தில் கேளுங்கள். விளம்பரம், வாட்ஸ்அப் பேச்சு, பணம் போன வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் இன்றே அச்செடுத்து வையுங்கள், நாளை அந்த விளம்பரம் இருக்காது. பதினைந்து நாள் கெடு கொடுத்துப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். கடிதம் திரும்பி வந்தாலும் உறையைப் பிரிக்காமல் வையுங்கள், அதுவும் சாட்சி. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள்.

அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை வேறு ஊரில் இருந்தாலும் மதுரையிலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும், ஆனால் நீங்கள் இரண்டு மாதம்கூடத் தள்ளாதீர்கள். பணத்தைத் திரும்பக் கேளுங்கள், வட்டி கேளுங்கள், மன உளைச்சலுக்கும் கேளுங்கள். கூச்சம் வேண்டாம்.

போலியோவால் இடது கால் செயலிழந்தவன் நான். காரில் கை கிளட்ச் பொருத்த விரும்புகிறேன். மாற்றம் கூடாது என்ற சட்டம் எனக்கும் பொருந்துமா?
– வாசகர், நாகர்கோவில்

பொருந்தாது. மாற்றுத்திறனாளி தன் வண்டியைத் தன் தேவைக்கு ஏற்ப மாற்றிக்கொண்டு, பிறகு பதிவு அதிகாரியின் ஒப்புதலைப் பெறலாம் என்று சட்டமே சொல்கிறது. பொருத்தியவரின் பில்லை வாங்குங்கள், ஆர்.சி.யில் ஏற்றுங்கள், காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவியுங்கள். அலுவலகத்தில் யாராவது அலைக்கழித்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கி எனக்கு அனுப்புங்கள்.

ஓடாத காரைக் காயலான் கடையில் எடைக்குப் போட்டேன். எட்டு மாதம் கழித்து என் பெயருக்கு அபராத நோட்டீஸ் வருகிறது. வண்டிதான் என்னிடம் இல்லையே?
– வாசகர், நெல்லை

வண்டி இல்லை, பெயர் இருக்கிறது. யாரோ அதை ஓட வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். பதிவில் யார் பெயரோ அவர்தான் சட்டத்தின் கண்ணில் உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் ஒரு விபத்து வழக்கில் சொல்லியிருக்கிறது. நாளை அந்த வண்டி யாரையாவது மோதினால் நஷ்டஈடு உங்களைத் தேடி வரும். இன்றே போலீஸில் எழுதிக் கொடுத்து, அதன் நகலோடு ஆர்.டி.ஓ.விடம் போங்கள். வண்டி இனி ஓடாது என்றால் 14 நாட்களுக்குள் தெரிவித்துப் பதிவை ரத்து செய்திருக்க வேண்டும். அரசு பதிவு பெற்ற உடைப்பு மையத்தில் கொடுத்திருந்தால் கையில் ஒரு சான்றாவது இருந்திருக்கும். எடைக்கு எத்தனை ரூபாய் கூடக் கிடைத்தது?

வெள்ளைக் காரைக் கறுப்பு ஃபிலிம் ஒட்டி ராப் செய்யலாமா?
– வாசகர், சென்னை

நிறமும் ஆர்.சி.யில் இருக்கிறது. முதலில் அலுவலகத்தில் மாற்ற விண்ணப்பியுங்கள், பிறகு கடைக்குப் போங்கள்.

டெல்லிப் பதிவு டீசல் கார், பத்து ஆண்டு ஆகப்போகிறது, இங்கிருக்கும் விலையில் பாதிதான். நாளைக்குள் முன்பணம் கேட்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகர், ஓசூர்

ஏன் பாதி விலை என்று கேட்டீர்களா? பத்து ஆண்டு கடந்த டீசலையும் 15 ஆண்டு கடந்த பெட்ரோலையும் தலைநகர் வட்டாரத்தில் ஓட்டக்கூடாது என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பிறகு சில தளர்வுகள் வந்தாலும் அங்கே விலை எழுந்திருக்கவில்லை. அதனால்தான் அவை தெற்கே வருகின்றன. வாங்குவது குற்றமல்ல. ஆனால் அங்கிருந்து படிவம் 28-இல் தடையில்லாச் சான்று, கடன் இருந்திருந்தால் வங்கியின் படிவம் 35, இங்கே புது நம்பர், வண்டியின் வயதைப் பொறுத்துத் தமிழ்நாட்டு வரி எல்லாவற்றையும் கூட்டுங்கள். அந்தக் கூட்டலுக்குப் பிறகும் மலிவாக இருந்தால் ஒரு மெக்கானிக்கை அழைத்துப்போய் வண்டியைத் தூக்கி அடியில் பாருங்கள்.

தடையில்லாச் சான்று கையில் வராமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். நாளைக்குள் என்று அவசரப்படுத்துபவரிடம் நாளைக்குள் அந்தச் சான்றை அனுப்பச் சொல்லுங்கள்.