பெயர் வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

நோயாளிக்குப் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று போன் வழியாகக் கண்டுபிடிக்கும் தொற்றுக்காலச் செயலிகளைப் பற்றிய உங்கள் கட்டுரையில், 'நோயாளியின் அந்தரங்கத்தைக் காப்பாற்றாத செயலி நோயையும் பிடிக்காது' என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் கோபம் வந்தது. 2021-ல் என் அப்பாவை கொரோனாவுக்குப் பறிகொடுத்தேன். அவரோடு வேலை பார்த்த ஒருவர் காய்ச்சலோடு நான்கு நாள் அலுவலகம் வந்திருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. பக்கத்து நாற்காலி அப்பாவுடையது. அந்த மனிதரின் போன் எங்கே இருக்கிறது, அவர் பரிசோதனை செய்துகொண்டாரா என்பதெல்லாம் அரசுக்குத் தெரிந்திருந்தால் அப்பா இன்று இருந்திருப்பார். ஒளிக்க ஒன்றுமில்லாதவர் எதற்குப் பயப்பட வேண்டும்? நம்மைப் பற்றிய எல்லாமே கூகுளுக்கு ஏற்கெனவே தெரியும்தானே? யார் பக்கத்தில் இருந்தார் என்று பார்க்க இந்தச் செயலிகள் நம்பும் புளூடூத் சுவரைத் தாண்டியும் எட்டும், கணக்கு தப்பும் என்கிறார்கள், அது வேறு. அடுத்த பெருந்தொற்று வரும்போது நீங்கள் செயலியை வைத்துக்கொள்வீர்களா, மாட்டீர்களா? நேரான பதில் வேண்டும்.

இதை வெளியிட்டால் என் பெயர் வேண்டாம். அலுவலகத்தில் தெரிந்துவிடும்.

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் அப்பாவைப் பற்றிய வரிகளை இரண்டு முறை படித்தேன். பக்கத்து நாற்காலி என்ற ஒரு சொல்லில் நீங்கள் எத்தனை இரவு விழித்திருந்தீர்கள் என்பது தெரிகிறது. உங்கள் கோபம் நியாயமானது. அதை ஆற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் 'ஒளிக்க ஒன்றுமில்லாதவர்' என்று நீங்கள் எழுதியதை விட்டுவிட முடியவில்லை. உங்கள் கடிதத்தின் கடைசியில் எழுதியிருப்பது, என் பெயர் வேண்டாம் என்பது. நீங்கள் எந்தக் குற்றமும் செய்யவில்லை. அப்பாவை இழந்தீர்கள், அதைப் பற்றி எழுதினீர்கள், அவ்வளவுதான். இருந்தும் அலுவலகத்தில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று தயங்குகிறீர்கள். அது நியாயம். நான் பெயரை எடுத்துவிட்டேன். அதே நியாயத்தை அந்தப் பக்கத்து நாற்காலிக்காரருக்குக் கொடுக்க உங்களுக்கு மனம் வரவில்லை. வராதுதான், புரிகிறது. ஆனால் கொள்கை பேசும்போது மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பேசுங்கள். 'ஒளிக்க ஒன்றுமில்லை' என்று சொல்பவர்கள் எல்லோரும் அடுத்தவருடைய ரகசியத்தைத்தான் தாராளமாக எடுத்துக் கொடுக்கிறார்கள்.

கூகுளுக்குத் தெரியும் என்பது வாதமே இல்லை. ஒரு கதவு திறந்து கிடப்பதால் இன்னொன்றையும் திறந்து போடுவதா? புளூடூத் கணக்கைப் பொறியாளர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

என்னை உறுத்துவது அந்த மனிதர்தான். காய்ச்சல் என்று அவருக்குத் தெரியும். அவரைச் செயலி எப்படிப் பிடித்திருக்கும்? போனை வீட்டில் வைத்துவிட்டு வந்திருப்பார். பரிசோதனைக்கே போயிருக்க மாட்டார். மூன்று முறை தும்மி மூன்று முறையும் தூசி என்று சொல்லியிருப்பார். பயந்த மனிதன் கருவியை ஏமாற்ற ஐந்து நிமிடம் போதும். அவர் வாயைத் திறந்திருந்தால்தான் உங்கள் அப்பா பிழைத்திருப்பார். எதற்குப் பயந்து வாயை மூடிக்கொண்டார் என்று யாராவது கேட்டார்களா?

இதைப் பல ஆண்டுகளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். காரணம் என் அத்தை.

அத்தை காசநோய்ப் பிரிவில் செவிலியராக இருந்தார். ஒருவருக்குச் சளிப் பரிசோதனையில் கிருமி தெரிந்தால், அவரோடு ஒரே அறையில் படுப்பவர் யார், பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்பவர் யார் என்று கேட்டு, அவர்களையும் தேடிப் போய்ப் பரிசோதனைக்கு அழைத்து வர வேண்டும். 2020-ல் காண்டாக்ட் ட்ரேசிங் என்று எல்லோரும் புதிதாகக் கற்றுக்கொண்டது அத்தைக்கு முப்பது வருடப் பிழைப்பு. பள்ளி விடுமுறையில் சில நாள் என்னையும் கூட்டிக்கொண்டு போவார். சீருடை போட மாட்டார். ஒரு தெருவில் ஒரு வீட்டுக்குப் போக வேண்டியிருந்தால் மூன்று வீட்டுக்குப் போவார். முதல் வீட்டில் தண்ணீர் கேட்பார், அடுத்த வீட்டில் குழந்தைக்குத் தடுப்பூசி போட்டாயிற்றா என்று விசாரிப்பார், மூன்றாவது வீட்டில்தான் உட்காருவார். எனக்குக் கால் வலிக்கும். எதற்கு இந்தச் சுற்று என்று ஒருமுறை சிணுங்கினேன். "நான் யாருக்காக வந்தேன்னு தெருவுக்குத் தெரியக் கூடாதுடா" என்றார்.

அவருடைய நோட்டு இன்னும் கண்ணில் நிற்கிறது. நீள நோட்டு, பச்சை அட்டை, முனைகள் மடங்கி வெளுத்திருக்கும். உள்ளே பெயரே இருக்காது. எண்கள்தான். 41 என்று ஒரு பக்கம், அதன் கீழே கூட இருப்பவர்கள் 41-1, 41-2. எந்த எண் யாருடையது என்ற தாள் அலுவலக மேசை இழுப்பறையில் பூட்டியிருக்கும், சாவி அத்தையிடம். சிகிச்சை முடிந்து, கூட இருந்தவர்களையும் பார்த்து முடித்ததும் அந்தப் பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போடுவார். அலுவலகப் பதிவேடு அதன் இடத்தில் இருக்கும். இது அவருடைய சொந்த நோட்டு. வேலை முடிந்த பிறகு அது யார் கையிலும் இருக்கக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தார்.

2020 ஏப்ரலில் ஆப்பிளும் கூகுளும் சேர்ந்து ஒரு முறையை அறிவித்தபோது அத்தையின் பச்சை நோட்டைத்தான் நினைத்துக்கொண்டேன். போன் தன் பெயரைச் சொல்லாது. பத்து இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மாறுகிற ஓர் எண்ணைக் காற்றில் விட்டுக்கொண்டே இருக்கும். பக்கத்தில் இருக்கும் போன்கள் அதைக் குறித்துக்கொள்ளும். ஒருவருக்கு பாசிட்டிவ் வந்து, அவர் சம்மதித்தால் மட்டும் அவருடைய போன் விட்ட எண்களை அடையாளம் காண உதவும் திறவுகோல் வெளியே போகும். பொருந்துகிறதா என்று ஒவ்வொரு போனும் தனக்குள்ளேயே பார்த்துக்கொள்ளும். பதினான்கு நாள் கழிந்தால் குறிப்பு அழிந்துவிடும். யார் யாரோடு இருந்தார் என்ற பட்டியல் எந்த சர்வரிலும் சேராது. இப்படிச் செய்தால் நோயைப் பிடிக்க முடியாது என்று பலர் அப்போது கேலி பேசினார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2020 செப்டம்பரில் இந்த முறையில் வந்த செயலியை மக்களில் நூற்றுக்கு 28 பேர்தான் தொடர்ந்து பயன்படுத்தினார்கள். ஆண்டு முடிவதற்குள் அது தடுத்த தொற்றுகள் கணக்கிடும் முறையைப் பொறுத்து 2,84,000 முதல் 5,94,000 வரை இருக்கலாம் என்று 2021-ல் நேச்சர் இதழில் ஓர் ஆய்வு வந்தது. அந்தரங்கம் காத்தால் உயிர் போகும் என்று நீங்கள் எழுதினீர்களே, அதனால் சொல்கிறேன்.

உங்களுக்குப் பிடித்த முறையைத் தென்கொரியா செய்து பார்த்தது. 2015-ல் மெர்ஸ் நோய் 186 பேரைத் தாக்கி 38 பேரைக் கொன்ற பிறகு அங்கே சட்டத்தைத் திருத்தினார்கள். நோயாளியின் கார்டு செலவு, போன் இருந்த இடம், கேமராப் பதிவு எல்லாவற்றையும் சுகாதாரத் துறை பார்க்கலாம். கொரோனா வந்ததும், இன்ன வயது, ஆணா பெண்ணா, எந்த மணிக்கு எங்கே போனார் என்று போனுக்குக் குறுஞ்செய்தியே வந்தது. நோயைக் கட்டுப்படுத்தியதில் அவர்கள் சாதித்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் 2020 மே மாதம் சோல் நகரத்து இடேவோன் பகுதியில் என்ன நடந்தது என்று பாருங்கள். இரவு விடுதிகளில் தொற்று பரவியது. அவற்றில் சில, ஒருபாலீர்ப்பு உள்ளவர்கள் கூடுகிற இடங்கள் என்று பத்திரிகைகள் எழுதின. அவ்வளவுதான், அங்கே போயிருந்தவர்களில் ஆயிரக்கணக்கானோர் தொடர்பு எல்லைக்கு வெளியே போய்விட்டார்கள். நோயை விட, வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் தெரிந்துவிடும் என்ற பயம்தான் அவர்களுக்குப் பெரிதாக இருந்தது. கடைசியில் நகர நிர்வாகம் இறங்கி வந்தது. பெயர் சொல்ல வேண்டாம், போன் எண் மட்டும் கொடுத்துவிட்டுப் பரிசோதித்துக்கொள்ளலாம் என்றார்கள். அப்புறம்தான் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அத்தனை கேமராவாலும் முடியாததைப் 'பெயர் வேண்டாம்' என்ற இரண்டு சொல் செய்தது. நீங்கள் எனக்கு எழுதிய அதே இரண்டு சொல்.

சரி, அரசு நல்ல அரசாக இருந்தால் என்ன கெடுதல் என்று கேட்பீர்கள். சிங்கப்பூர் 2020 மார்ச்சில் டிரேஸ்டுகெதர் செயலியைக் கொண்டுவந்தபோது, நோய்த் தொடர்பை அறிய மட்டுமே என்று வாக்களித்தது. மக்களும் நம்பினார்கள். 2021 ஜனவரியில், குற்ற விசாரணைக்குக் காவல்துறை அந்தத் தரவைக் கேட்டுப் பெறலாம் என்று நாடாளுமன்றத்திலேயே சொன்னார்கள். ஒரு கொலை வழக்கில் அதைத் தொட்டும் இருந்தார்கள். எதிர்ப்பு எழுந்த பிறகு, ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டும் என்று அடுத்த மாதம் சட்டம் போட்டார்கள். ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் 2021 நவம்பரில் ஒருவர் உணவகத்திலிருந்து வெளியே வரும்போது விழுந்து, பிறகு இறந்துபோனார். சாட்சி தேடிய போலீஸ், உணவகத்துக்கு வருகிறவர்கள் க்யூஆர் கோடு மூலம் பதிவு செய்யும் லூகா செயலியிலிருந்து சுகாதாரத் துறை வழியாக 21 பேருடைய விவரத்தை வாங்கியது. சட்டம் அதைத் தடுத்திருந்தது. இருந்தும் வாங்கினார்கள். சீனாவின் செங்சோ நகரம் இன்னும் மோசம். 2022 ஜூனில், முடக்கப்பட்ட வங்கிப் பணத்தைக் கேட்டுப் போராட வந்தவர்களின் போனில், வெளியே நடமாடலாமா என்று நிறத்தால் காட்டும் சுகாதாரக் குறியீடு திடீரென்று சிவப்பானது. காய்ச்சல் இல்லை, தொற்று இல்லை. 1,317 பேரை இப்படி முடக்கினார்கள், அதற்காக ஐந்து அதிகாரிகள் தண்டிக்கப்பட்டார்கள்.

மூன்று ஊரிலும் மூன்று விதமான ஆட்சி. செயலியை உருவாக்கியவர்கள் தீயவர்கள் என்று நான் சொல்லவில்லை. பட்டியல் என்று ஒன்று இருந்தால் அதற்கு வேறு வேலை தேடி யாராவது வந்து நிற்பார்கள். வருபவர் கையில் நல்ல காரணம்கூட இருக்கும். கொலையைத் துப்புத் துலக்குவது நல்ல காரணம் இல்லையா? அதனால்தான் அழிக்கும் நாள், அழிக்கும் நாள் என்று நான் கத்திக்கொண்டே இருக்கிறேன். பூட்டு போதாது. சாவி கைமாறும், சட்டம் மாறும், ஆட்சி மாறும். அடுப்பில் போட்ட தாளை மட்டும் யாராலும் கேட்டு வாங்க முடியாது. நார்வேயில் 2020 ஜூனில் தரவுப் பாதுகாப்பு ஆணையம் கண்டித்த பிறகு, செயலியை நிறுத்தி, சேர்த்த தரவு முழுவதையும் அழித்தார்கள். டிசம்பரில் பெயர் சேர்க்காத முறையில் புதிதாகத் தொடங்கினார்கள். ஓர் அரசு தன் நோட்டைத் தானே கிழித்த காட்சி அது. அதை யாரும் பெரிதாகப் பேசவில்லையே என்று எனக்கு இன்றும் ஆதங்கம் உண்டு.

கேட்டீர்களே, வைத்துக்கொள்வேன். அழிக்கும் நாளை முதல் நாளே சொல்லும் செயலியாக இருந்தால் முதல் ஆளாக வைத்துக்கொள்வேன்.

அத்தையைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் முடிக்க முடியாது. ஒருமுறை அவர் பதினைந்து நாள் விடுப்பில் போனார். அவர் இடத்துக்கு வந்தவர் கெட்டவர் இல்லை, வேகமானவர். எண்ணெல்லாம் குழப்பமாக இருக்கிறது என்று பச்சை நோட்டில் எண்களுக்குப் பக்கத்தில் பெயர்களை எழுதினார். 41 என்பது ஓர் இளம்பெண். அன்று அவர் மாத்திரை வாங்க வரவில்லை. வந்தவர் தெருமுனையில் நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், காசநோய் மாத்திரை வாங்கலையா என்று கேட்டார். அவ்வளவுதான். அக்கறையில்தான் கேட்டார்.

அந்தப் பெண் அப்புறம் வரவேயில்லை. பாதியில் நிறுத்தினால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போகும் என்பதை அத்தை அவருக்கு எத்தனையோ முறை சொல்லியிருந்தார். முதல் மாதத்தில் மாத்திரையால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போனதும் பயந்து ஓடி வந்து, அத்தை விளக்கிய பிறகு சிரித்துக்கொண்டே போனவர் அவர். கூட இருப்பவர்கள் யார் என்று கேட்டதற்கு, யாரும் இல்லை என்று சொல்லியிருந்தார். அத்தை அதை நம்பவில்லை, ஆனால் வற்புறுத்தவும் இல்லை. தானாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தார்.

விடுப்பு முடிந்து வந்த அன்றே அத்தை அந்த வீட்டுக்குப் போனார். நானும் கூட இருந்தேன். கதவு திறக்கவில்லை. மறுநாளும் திறக்கவில்லை. மூன்றாம் நாள் வாசற்படியில் உட்கார்ந்தோம். உள்ளே இருமல் சத்தம் கேட்டது. இரண்டு இருமல், ஒன்று சின்னது. அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

வெகு நேரம் கழித்துக் கதவு ஒரு சாண் திறந்தது. "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொன்னீங்களே அக்கா" என்றார் அந்தப் பெண்.

நான் சொல்லவில்லை, வேறொருவர் சொன்னார் என்று அத்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பையிலிருந்து பச்சை நோட்டை எடுத்து 41-ஆம் பக்கத்தைத் திறந்து கதவிடுக்கில் நீட்டினார். அந்தப் பெண் தன் பெயரைப் பார்த்தார். பக்கத்தை அடிவரை கிழித்து, நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

அப்புறம் உள்ளே போய், குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.