தாத்தாவின் பட்டாளத்துப் படங்கள்: கடையில் கொடுப்பதா, ஸ்கேனர் வாங்குவதா?

கேள்வி: எங்கள் தாத்தா மெட்ராஸ் ரெஜிமென்டில் இருந்தவர், இரண்டாம் உலகப் போரில் பர்மாவுக்குப் போனவர். அவருடைய ஆல்பம் குன்னூர் வீட்டு மர பீரோவில் இருக்கிறது, நாற்பது படம் தேறும். சிலவற்றில் வெள்ளையாகப் பூஞ்சை. பின்னாளில் குன்னூர் பக்கத்து வெலிங்டனில் எடுத்த குரூப் போட்டோ பிரேம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. ஒரு கடையில், ஆல்பத்தைப் பத்து நாள் விட்டுப் போங்கள், சுத்தம் செய்து கலர் போட்டு லேமினேட் பண்ணித் தருகிறோம், படத்துக்கு 350 ரூபாய் என்கிறார்கள். அத்தை, சித்தப்பா வீட்டிலும் காப்பி கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: ஆல்பத்தை வீட்டைவிட்டு வெளியே அனுப்பாதீர்கள் அம்மா. 40 படத்துக்கு 14,000 ரூபாய் ஆகிறது, அதைவிடக் குறைந்த விலையிலேயே ஒரு பிளாட்பெட் ஸ்கேனர் (கண்ணாடி மேல் படத்தைக் கவிழ்த்து வைக்கும் வகை) வாங்கிவிடலாம், வேலை முடிந்ததும் சித்தப்பா வீட்டுக்கும் அது போகலாம். பெட்டியில் போட்டிருக்கும் பெரிய டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி) எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம், சாதாரணப் படத்துக்கு 600, உள்ளங்கை அளவுச் சின்னப் படத்துக்கு 1200 போதும். நெகட்டிவ் இருந்தால் மட்டும் அதற்கென்று மூடியில் விளக்கு உள்ள மாடலாகக் கேட்டு வாங்குங்கள். டிஃப் (TIFF) கோப்பாகச் சேமித்து, படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள், பேரும் ஊரும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

லேமினேஷன் கூடவே கூடாது. சூட்டில் ஒட்டியதைப் பிறகு படத்துக்குச் சேதமில்லாமல் பிரிக்க முடியாது. எங்கள் வீட்டில் பெரியப்பாவின் யூனிஃபார்ம் படத்தை அப்படிச் செய்துவிட்டு, ஓரத்தில் ஈரம் புகுந்து அது மஞ்சளாகிக்கொண்டே வருவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

கலர் போடுவதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தாத்தாவின் நெஞ்சுப் பையின் மேலே வாங்கிய பதக்கங்களைக் குறிக்கும் சின்னச் சின்ன ரிப்பன்கள் வரிசையாகக் குத்தியிருக்கும், லென்ஸ் வைத்துப் பாருங்கள். பர்மா ஸ்டார் என்ற போர்ப் பதக்கம் என்றால் கருநீலம், நடுவே அகலமாகச் சிவப்பு, இரண்டு பக்க நீலத்திலும் மெல்லிய ஆரஞ்சுக் கோடு. 1939-45 ஸ்டார் என்றால் கருநீலம், சிவப்பு, வெளிர்நீலம், மூன்றும் சம அகலம். கறுப்பு வெள்ளையில் இதெல்லாம் சாம்பல் பட்டைதான், மென்பொருள் தனக்குத் தோன்றிய நிறத்தைப் பூசிவிடும், முகத்தைத் தெளிவாக்குகிறேன் என்று மூக்கையும் கண்ணையும்கூட மாற்றிவிடும், பேரப்பிள்ளைகள் அதையே தாத்தா என்று நம்புவார்கள். ஆசைக்குக் கலர் போட வேண்டுமா, சரி, காப்பியில் போடுங்கள்.

பூஞ்சையை ஈரத்துணியால் துடைக்காதீர்கள். பூஞ்சை தின்ற இடத்தில் மேற்பூச்சு இளகியிருக்கும், தண்ணீர் பட்டால் முகமே துணியோடு வந்துவிடும். குன்னூருக்குப் பெரிய மழை வடகிழக்குப் பருவத்தில்தான், அதனால் மழை ஓய்ந்து ஜனவரி, பிப்ரவரியில் காற்று காய்ந்ததும் நிழலில் பிரித்து வைத்து, பூஞ்சை பொடியான பிறகு முகக்கவசம் போட்டுக்கொண்டு மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். கண்ணாடியோடு ஒட்டியதைப் பிய்க்கவே பிய்க்காதீர்கள். மலிவான ஸ்கேனரில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உள்ளது மங்கலாகவே விழும், அதனால் ஜன்னல் வெளிச்சத்தில், ஃப்ளாஷ் இல்லாமல், கேமராவுக்குப் பின்னால் ஒரு கறுப்புத் துணியைப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுங்கள். கண்ணாடியில் உங்கள் நிழல் விழாது.

அப்புறம் வைக்கிற இடம். வெளிச்சுவரை ஒட்டிய மர பீரோ வேண்டாம், உள்ளறையில் தகரப்பெட்டி, அதில் ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல். உறை வாங்கும்போது புது ரெயின்கோட் வாசனை அடிக்கிற பிவிசி உறையைத் தள்ளிவிட்டு பாலிப்ரொப்பிலீன் என்று கேட்டு வாங்குங்கள். பேர் எழுதப் பென்சில், பால்பாயின்ட் வேண்டாம்.

அத்தைக்கும் சித்தப்பாவுக்கும் வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமென்டாக அனுப்புங்கள். ஆளுக்கொரு பென்டிரைவ் கொடுத்தால் இன்னும் நல்லது, ஒரு வீட்டில் போனாலும் இன்னொரு வீட்டில் இருக்கும். ஆல்பத்துக்குள் பாட்டியின் குடும்ப ஓய்வூதியத் தாள் இருந்தால் அதைமட்டும் குரூப்பில் போட வேண்டாம்.

ஒன்றிரண்டு படத்தைக் கடையில் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், எத்தனை படம், என்ன நிலையில் என்று ரசீதில் எழுதி வாங்கி, கொடுக்கும் முன் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். 'தொலைந்தால் பொறுப்பல்ல' என்று ரசீதில் அச்சடித்திருப்பதைப் பார்த்துப் பின்வாங்க வேண்டாம், கவனக்குறைவால் தொலைத்தால் அது சேவைக் குறைபாடுதான், 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம், 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். ஆனால் அங்கே கிடைப்பது பணம்தான், படம் இல்லை.