பன்னிரண்டு கேமராக்களும் வெள்ளைச் சுவரும்

அன்புள்ள ஐயா,

புகைப்படக் கலைஞர் எட்வர்ட் மைபிரிட்ஜ் 1878-ல் எடுத்த ஓடும் குதிரைப் படங்கள் பற்றி ஒரு சந்தேகம். ஒருவரைப் படமெடுக்கவே பல நொடிகள் அசையாமல் உட்காரவைத்த காலம் அது. ஒரு நொடியில் 2000-ல் ஒரு பங்கில் குதிரை எப்படிப் பதிந்தது? இணையத்தில் சுற்றும் அசையும் படம் அதுதானா?

அன்புள்ள நண்பருக்கு,

பெரும்பாலும் அதுவல்ல. அதிகம் சுற்றுவது ஆனி ஜி. என்ற குதிரை; 1887-ல் வெளியான அவரது தொகுப்பின் 626-ஆம் படத்தட்டு. 1878 ஜூனில் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் ஓடியது சாலி கார்டனர்.

முதல் கேள்விக்கு விடை வெள்ளைச் சுவரில் இருக்கிறது. அன்றைய முறையில் கண்ணாடித் தட்டில் (பிளேட்டில்) கொலோடியன் என்ற பிசுபிசுப்பான திரவத்தை ஊற்றி, சில்வர் நைட்ரேட்டில் முக்கி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்துக் கழுவிவிட வேண்டும். காய்ந்துவிட்டால் படத்தை வெளிக்கொண்டுவரும் டெவலப்பர் கரைசல் உள்ளே இறங்காது. பாதையோரம் வரிசையாக நின்ற 12 கேமராக்களின் கண்ணாடிகளும் ஒரே சமயம் ஈரமாக இருந்தாக வேண்டும் என்பதை யோசித்துப் பாருங்கள்! பிளேட் ஒளியை உணரும் வேகத்தை ஓரளவுக்குமேல் கூட்ட முடியாது. ஆகவே மைபிரிட்ஜ் குதிரைக்குப் பின்னால் வெள்ளைச் சுவரை நிறுத்தினார், தரையையும் வெளுப்பாக்கினார். வெயிலில் பின்னணி பளீரென்று பதிந்தது, குதிரை நிழலுருவாக நின்றது. கொலோடியனுக்கு நீல ஒளிதான் உறைக்கும். பழுப்பு நிறம் ஏறக்குறைய கறுப்பாகவே விழும். உடலின் நுணுக்கங்களை விட்டுக்கொடுத்துக் குளம்புகளின் இடத்தை மட்டும் பிடித்தார். அவர் எடுத்த முடிவுகளிலேயே சிறந்தது இது என்பேன்.

கேமராக்களுக்கு இடையே 27 அங்குலம். குதிரையின் வேகம் மைலுக்கு 1 நிமிடம் 40 நொடி, அதாவது நொடிக்குச் சுமார் 16 மீட்டர். 2000-ல் ஒரு பங்கு நொடியில் உடல் 8 மில்லிமீட்டர் நகரும். முன்னோக்கி வீசும் குளம்பு அதைப்போல் இரு மடங்கு நகரக்கூடும். அவ்வளவு கலங்கல் நிழலுருவைக் கெடுக்காது.

ஷட்டரின் மின் அமைப்பில் ரயில்வே பொறியாளர் ஜான் ஐசக்ஸின் பங்கு பெரிது; அவர் பெயரைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். பாதைக்குக் குறுக்கே கட்டிய நூலைக் குதிரை இழுத்ததும் மின்சுற்று இணைந்து ஷட்டர் விடுபடும். நூல் சற்று நீண்டுகொடுத்தால் படங்களுக்கு இடையிலான நேரம் சீராக இருக்காது. பின்னாளில் கடிகாரப் பொறிக்கு மைபிரிட்ஜ் மாறியதில் வியப்பில்லை.

நான்கு கால்களும் தரையை விட்டு எழுவது அவை வயிற்றுக்கடியில் மடங்கும்போதுதான். ஓவியர்கள் வரைந்ததுபோல முன்னும் பின்னும் நீட்டியிருக்கும்போது அல்ல. பந்தயப் பணத்துக்காக இதை நிரூபித்தார்கள் என்ற கதைக்கு ஆதாரமில்லை.

நீங்களே அந்தப் படங்களைக் கோத்து ஓடவிடுவதானால் 12-ஆவதை விட்டுவிடுங்கள். அதில் குதிரை நின்றுகொண்டிருக்கிறது.