தண்ணீரையும் காட்டையுமே வீடாக்கி வாழ்ந்த யாரையாவது நெருக்கமாக அறிந்திருக்கிறீர்களா?

அறிந்திருக்கிறேன். என் அம்மாவின் மூத்த அண்ணன். எங்களுக்குப் பெரிய மாமா. மட்டக்களப்பில் முகத்துவாரத்துக்குப் போகும் வழியில், வாவிக்கரையில், தூண்டில் போட வருகிறவர்கள் தங்குவதற்கென்று நான்கு அறை கொண்ட ஒரு விடுதி வைத்திருந்தார். பெயர்ப்பலகை எதுவும் கிடையாது. ஊரில் அதை 'மீன்காரர்ட மடம்' என்றுதான் சொல்வார்கள்.

அவர் போய் மூன்று வருடம் ஆகிறது. இந்தக் கேள்வியைப் பார்த்ததும் முதலில் நினைவுக்கு வந்தது அவருடைய வலது கைப் பெருவிரல். அரத்தில் தேய்த்தது போலச் சொரசொரவென்று இருக்கும். கொடுவா மீனுக்குக் கடித்துக் குதறுகிற பல் இல்லை. வாய்க்குள் மணல் ஒட்டியது மாதிரி நுண்ணிய பல்தான். அதனால் கீழ்த்தாடையைப் பெருவிரலால் பிடித்துத் தூக்கலாம். ஆனால் செவுள் மூடியின் ஓரம் சவர அலகு மாதிரி, விரல் பட்டால் போச்சு. நாற்பது வருடமாகத் தாடையைப் பிடித்துப் பிடித்தே அந்த விரல் அப்படி ஆகியிருந்தது.

இளமையில் அவர் வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரைக் காடுகளில் வேட்டைக்காரர்களுக்கு வழிகாட்டியாகப் போனவர். மண்ணில் கிடக்கும் ஒரு தடத்தைப் பார்த்து மான் எப்போது போனது என்று சொல்வாராம். வேட்டைத் துவக்கை ஏன் விட்டார் என்று நான் கேட்டதில்லை. எழுபதுகளில் பாசிக்குடாவில் ஹோட்டல்கள் வந்தபோது அங்கே தங்கியவர்களைத் தோணியில் ஏற்றி மீன்பிடிக்கக் கூட்டிப்போகத் தொடங்கினார். அந்தக் காசில் கட்டியதுதான் முதல் இரண்டு அறைகள். 1978 நவம்பர் 23ஆம் திகதி சூறாவளி கூரையையும் சுற்றி நின்ற தென்னைகளையும் கொண்டுபோனது. திரும்பக் கட்டினார்.

அவருக்குத் தெரிந்த அளவுக்கு இந்த வாவியைத் தெரிந்த இன்னொருவரை நான் பார்த்ததில்லை. ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கிற வாவி, கடலோடு சேர்வது ஒன்றிரண்டு இடத்தில்தான். வெயில் காலத்தில் ஆற்றுவாயை மணல் மூடிவிடும். மாரி மழைக்கு வாவி நிறைந்து வயலெல்லாம் மூழ்கும்போது மணலை வெட்டி விடுவார்கள், அல்லது வெள்ளமே உடைத்துக்கொண்டு போகும். வாய் திறந்து தண்ணீர் கடலுக்கு இறங்கும் நேரம் றாலும் சின்ன மீன்களும் இழுபட்டு வரும். கொடுவா ஓரத்தில் காத்து நிற்கும். இருட்டில் தேங்காய் தண்ணீரில் விழுந்த மாதிரி ஒரு சத்தம் கேட்கும். டோர்ச் அடித்தால் கண் கங்கு போலச் சிவக்கும். அந்தச் சில வாரங்களுக்காகத்தான் அவருடைய விருந்தாளிகள் வருடம் முழுக்கக் காத்திருப்பார்கள்.

ஆனால் அவருடைய மடத்தில் ஒரு சட்டம் இருந்தது. பெரிய கொடுவாவைத் திரும்ப விட்டுவிட வேண்டும். சட்டிக்கு நடுத்தரம் போதும். மீன் இல்லாமல் சோறே இறங்காத ஊரில் இதைச் சொல்லி நடத்துவது லேசான காரியம் இல்லை. சிலபேர் கோபித்துக்கொண்டு பெட்டியைக் கட்டியிருக்கிறார்கள். போகட்டும் என்று விட்டுவிடுவார்.

காரணத்தை நான் புரிந்துகொண்டது 2003 மாரியில். அப்போது எனக்குப் பதினான்கு வயது. அவருக்குச் சொல்லாமல் தோணியை எடுத்துக்கொண்டு போய் என் இடுப்பு உயரத்துக்கு ஒரு கொடுவா பிடித்தேன். சைக்கிளில் குறுக்கே கட்டிக்கொண்டு, தெருவெல்லாம் ஆட்கள் பார்க்க, நேரே மடத்துக்கே கொண்டுவந்தேன். மாமா ஏசவில்லை. கிணற்றடிக்குக் கொண்டுபோய் வயிற்றைக் கீறினார். மஞ்சள் நிறத்தில் இரண்டு சினைப் பை, என் கை நீளத்துக்கு.

"இஞ்ச வா மனே, தொட்டுப் பாரு. இது எத்தனை இலட்சம் தெரியுமா? கொடுவா முதல்ல ஆம்பிளையாத்தான் இருக்கும். சில வருசம் தப்பிப் பிழைச்ச பிறகுதான் பொம்பிளையா மாறும். பெரிசெல்லாம் தாய் மீன் மனே. நீ பிடிச்சது பிழை இல்ல. கொண்டு வந்ததுதான் பிழை."

மாமி அன்றைக்குத் தேங்காய்ப்பால் விட்டு ஆணம் காய்ச்சினா. மாமா எனக்குப் பக்கத்தில் இருந்து முழுதாகச் சாப்பிட வைத்தார். எறிந்தால் அது இன்னொரு பாவம் என்றார். அந்த ஆணத்தின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது, சங்கடத்தோடு சேர்ந்து.

மறுநாள் குறடு ஒன்றைத் தந்து, தூண்டில் முள்ளின் உள்பக்கம் இருக்கிற சின்னக் காதை நசுக்கக் கற்றுத் தந்தார். காது இல்லாத முள் மீனின் வாயைக் கிழிக்காமல் வழுக்கி வந்துவிடும். மறுகா, மீனைத் தொடமுன் கையை நனைக்க வேண்டும். உலர்ந்த கை பட்டால் மேலிருக்கும் வழுவழுப்புப் போய் மீனுக்குப் புண் வரும். நீரோட்டத்துக்கு எதிரே முகத்தைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு பொறுத்திருக்க வேண்டும். நாம் விடக்கூடாது, அதுவாக வாலை அடித்துப் போக வேண்டும்.

அளப்பதற்கு ஒரு கயிறு வைத்திருந்தார். மீன் தண்ணீரில் இருக்கும்போதே மூக்கிலிருந்து வால் வரை பிடித்து ஒரு முடிச்சு. வந்து அந்தக் கயிற்றைத் திண்ணைக் கப்போடு, அதாவது மரத்தூணோடு, நிலத்திலிருந்து நிறுத்தி, முடிச்சு வரும் இடத்தில் கத்தியால் ஒரு வெட்டு. விட்ட மீனுக்கு மட்டும்தான் வெட்டு. என் மீனுக்கு இல்லை.

போர்க்காலத்தைப் பற்றி நிறைய எழுதலாம், சுருக்கமாகச் சொல்கிறேன். படுவான்கரை ஒருவர் கையில், நகரம் இன்னொருவர் கையில், நடுவில் வாவி. இரவில் தோணி இறக்க முடியாது. விருந்தாளி என்று யாரும் வரவில்லை. வீச்சுவலையால் பகலில் கிடைத்ததை வைத்து ஐந்து பிள்ளைகளை வளர்த்தார். 2002 பெப்ரவரியில் போர்நிறுத்தம் வந்த பிறகுதான் மடத்தில் மறுபடி விளக்கு எரிந்தது. அதுவும் மூன்று வருடம் நிலைக்கவில்லை. 2004 டிசம்பர் 26, ஞாயிறு, பௌர்ணமி. சுனாமி. அதிகாலையிலேயே இரண்டு விருந்தாளிகளோடு கண்டல் காட்டுப் பக்கம், வாவியில் வெகுதூரம் உள்ளே போயிருந்தபடியால் மூவரும் தப்பினார்கள். மாமி பிள்ளைகளோடு அவவின் தாய் வீட்டில் நின்றா. மடத்தில் தரை மட்டும் மிஞ்சியது. அதற்குப் பிறகு வந்த நாட்களில் மாமா அந்தத் தோணியில் எதைத் தேடித் திரிந்தார் என்று ஊருக்குத் தெரியும். அவர் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. நானும் இங்கே எழுதவில்லை.

போர் முடிந்த பிறகு, அறுபது வயதைத் தாண்டி, மூன்றாவது தடவையாகக் கட்டினார். அதே இடத்தில், புதுக் கப்போடு.

மட்டக்களப்பு வாவிக்குப் பேர்போன 'பாடும் மீனை'க் கேட்க வேண்டும் என்பார்கள் விருந்தாளிகள். நிலவு நாளில் பழைய கல்லடிப் பாலத்துப் பக்கம் கூட்டிப்போய், இயந்திரத்தை நிறுத்தி, சவளின், அதாவது துடுப்பின், ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறுமுனையைக் காதில் வைக்கச் சொல்வார். சில இரவில் கேட்கும், நரம்பை மெல்ல மீட்டுகிற மாதிரி. கேட்காத இரவில் "இண்டைக்கு இல்லை ஐயா" என்று சொல்லித் தோணியைத் திருப்பிவிடுவார். கேட்காததைக் கேட்டதாகச் சொல்லி யாரையும் அனுப்பியதில்லை. அவரிடம் நான் மிகவும் மதித்த குணம் இதுதான்.

கடைசி மாரியில் அவரால் படி இறங்க முடியவில்லை. மடத்தை அவருடைய மூத்த மகள், என் மச்சாள், பார்க்கத் தொடங்கியிருந்தா. நான் விடியப்புறம் தனியே போய் ஒரு பெரிய கொடுவா பிடித்து, அளந்து, விட்டுவிட்டு வந்தேன். திண்ணையில் சாக்குக் கட்டிலில் கிடந்தவரின் கையில் கயிற்றைக் கொடுத்தேன். அந்தப் பெருவிரலால் கயிற்றைத் தடவிக்கொண்டே போய் முடிச்சில் நிறுத்தினார்.

"போகக்குள்ள வாலை அடிச்சதா மனே?"

"முகமெல்லாம் தண்ணி மாமா."

"அப்ப சரி" என்று சொல்லித் தலையணைக்குக் கீழே இருந்த கத்தியை எடுத்து என்னிடம் நீட்டினார்.