அடுத்தடுத்து ஓர் இழப்பும் பெரிய நோயும் வந்த பிறகு, உங்கள் மீதே உங்களுக்கு எப்படி மறுபடி நம்பிக்கை வந்தது?

கேள்விக்குக் கீழே நீங்கள் சேர்த்திருக்கும் ஒரு வரிதான் என்னைப் பதில் எழுத உட்கார வைத்தது. "இனி நான் எடுக்கிற எந்த முடிவும் தப்பாகத்தான் போகும் என்று தோன்றுகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். யாரை இழந்தீர்கள், என்ன நோய் என்று சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம். ஆனால் இப்படி எழுதுகிறவர் மனதில் ஒரு குறிப்பிட்ட நாளும், அன்றைக்குச் சொல்லிவிட்ட அல்லது சொல்லாமல் விட்ட ஒரு வார்த்தையும் இருக்கும் என்று நினைக்கிறேன். எனக்கு இருக்கிறது. உங்களுக்கும் இருக்கிறது என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன். இல்லையென்றால் மன்னித்துவிடுங்கள்.

2017-ல் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அண்ணன் போன் செய்தார். நான் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு துணி மடித்துக்கொண்டிருந்தேன். "காலையிலேர்ந்து நெஞ்சு ஒரு மாதிரி கனமா இருக்கு பாப்பா" என்றார். "கேஸா இருக்கும்ணா. கொஞ்ச நேரம் படுங்க, சரியாப் போயிடும்" என்றேன். "தாடையும் வலிக்குது" என்றார். "பல் டாக்டரைப் பார்க்கணும்னு ரெண்டு மாசமா சொல்லிட்டு இருக்கீங்களே, போகவே இல்லையா?" என்று கடிந்துகொண்டேன். சிரித்தார். மொத்தம் 3 நிமிடம் 10 வினாடி. அழைப்புப் பட்டியலில் ரொம்ப நாள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அன்று இரவு பதினொன்றரைக்கு அண்ணி அழைத்தபோது அண்ணன் இல்லை. 41 வயது.

நெஞ்சில் கனமோ அழுத்தமோ சில நிமிடங்களில் போகாமல் இருந்தால், அதோடு தாடை, தோள், இடது கை, முதுகு இவற்றில் வலி பரவினால், வியர்த்தால், மூச்சு வாங்கினால், அது மாரடைப்பாக இருக்கலாம். சினிமாவில் காட்டுவதுபோல மார்பைப் பிடித்துக்கொண்டு சாய வேண்டும் என்பதில்லை. இதெல்லாம் அவர் போன பிறகுதான் எனக்குத் தெரியும். படிக்கிற யாருக்காவது உதவட்டும் என்று எழுதுகிறேன்.

அதற்குப் பிறகு என் மேல் எனக்கிருந்த நம்பிக்கை மொத்தமாகப் போய்விட்டது. பெரிய விஷயங்களில் மட்டும் இல்லை. மகளுக்குச் சளி பிடித்தால் பள்ளிக்கு அனுப்பலாமா என்று கணவரிடம் கேட்பேன். அவர் அனுப்பு என்றால் மாமியாரிடம் கேட்பேன். அவரும் அனுப்பு என்றால் மறுபடி கணவருக்குப் போன் செய்வேன். அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி வந்த நாட்கள் உண்டு. யாராவது என்னிடம் ஆலோசனை கேட்டால் வாயைத் திறக்கவே பயமாக இருக்கும். ஒருமுறை தப்பாகச் சொன்ன வாய் இது என்றுதான் தோன்றும்.

அண்ணன் போன 14-வது மாதம் எனக்கு உடம்பு அரிக்க ஆரம்பித்தது. தடிப்பு இல்லை, சிவப்பு இல்லை, சும்மா அரிப்பு. அப்புறம் சாயங்காலத்தில் மட்டும் காய்ச்சல். இரவில் தலையணை உறை பிழிகிற அளவுக்கு வியர்வை. ஆடைகள் தொளதொளவென்று ஆயின. முதலில் பார்த்த டாக்டர் விவரமெல்லாம் கேட்டுவிட்டு, "உங்க அண்ணன் தவறியதிலிருந்து நீங்க மீளவே இல்லை, துக்கம் உடம்பில் இப்படித்தான் காட்டும்" என்றார். நானும் அப்படியே ஏற்றுக்கொண்டேன். என் கணிப்பை நம்புவதைவிட யார் எதைச் சொன்னாலும் நம்புவது அப்போது எனக்கு எளிதாக இருந்தது.

இரத்தம் எடுத்த நர்ஸ் மட்டும், "காய்ச்சல் சாயங்காலம் மட்டும்தான் வருதாம்மா? எத்தனை மணிக்கு, எவ்வளவுன்னு எழுதி வைங்களேன்" என்றார். மகளின் பழைய கணக்கு நோட்டில் கடைசிப் பக்கங்கள் காலியாக இருந்தன. அதில் எழுதினேன். தேதி, மணி, காய்ச்சல், இரவு எத்தனை முறை உடை மாற்றினேன், வாரம் ஒருமுறை எடை. 23 நாள் எழுதிய பிறகு ஒரு மதியம் அதைத் திருப்பிப் பார்த்தேன். என் கையெழுத்துதான், ஆனால் வேறு யாரோ ஒருவரின் நோயைப் பற்றிப் படிப்பதுபோல இருந்தது. 5 மாதத்தில் 61 கிலோவிலிருந்து 54. துக்கத்தில் இருந்தேன் என்பது உண்மை. இந்த எண்கள் அதைத் தாண்டி வேறு எதையோ சொல்கின்றன என்று அப்போதுதான் முதல்முறையாகத் தோன்றியது. அன்று குளிக்கும்போது கழுத்து எலும்புக்கு மேலே சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. அழுத்தினால் வலிக்கவில்லை.

இன்னொரு டாக்டரிடம் போனேன். ஊசியால் உறிஞ்சி எடுத்துச் சோதித்ததில் சந்தேகப்படும்படி ஒன்றும் இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. எனக்கு நிம்மதி வரவில்லை, ஆனால் அதைச் சொல்ல நா எழவில்லை. மறுநாள் நோட்டை எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன். டாக்டரின் மேசையில் அதைத் திறந்து வைத்தேன். விரல் நடுங்கிக்கொண்டிருந்தது. "எனக்கு இது சரியாப் படலை டாக்டர். கட்டியை முழுசா எடுத்துப் பார்க்க முடியுமா?" என்றேன். அவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். எடை எழுதியிருந்த இடத்தில் பேனாவால் கோடு போட்டார். "எடுத்துடலாம்மா" என்றார்.

ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா. நிணநீர்க் கணுக்களில் வரும் புற்று. 1832-லேயே தாமஸ் ஹாட்ஜ்கின் என்ற மருத்துவர் இதைப் பற்றி எழுதியிருக்கிறார், அவர் பெயர்தான் நோய்க்கு. லிம்ஃபோமாவை ஊசி உறிஞ்சும் சோதனை தவறவிடுவதுண்டு, கணுவை முழுதாக எடுத்துப் பார்ப்பதுதான் நம்பகமானது என்று பிறகு தெரிந்துகொண்டேன். எனக்கு மூன்றாம் நிலை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் டாக்டர்களுக்கு எதிராக எழுதுகிறாள் என்பார்கள். அப்படி இல்லவே இல்லை. என்னைக் காப்பாற்றியது மருந்து, அதைக் கொடுத்தவர்கள் டாக்டர்கள். "உள்மனசு சொல்லுது" என்று சிகிச்சையை நிறுத்திவிட்டு வேறெங்கோ போகிறவர்கள் யாரும் தயவுசெய்து என் பதிலைத் துணைக்கு அழைக்காதீர்கள். என் உள்மனசு தினமும் காலையில் "நீ இந்த வருஷம் தாண்டமாட்டாய்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. அது பயம். நான் நம்ப ஆரம்பித்தது அதை இல்லை. தெர்மாமீட்டரில் நான் பார்த்ததை, கையால் தொட்டுப் பார்த்ததை நம்பினேன். பார்த்ததைப் பார்த்தேன் என்று சொல்லும் தைரியம்தான் அண்ணனோடு சேர்ந்து போயிருந்தது. அதுதான் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கீமோ, மொத்தம் 12 முறை. நான்கு மருந்துகளில் ஒன்று செக்கச்செவேல் என்று இருக்கும். அது ஏறும்போது பார்க்காமல் இருக்க முகத்தைத் திருப்பிக்கொள்வேன். நான்காவது கீமோ முடிந்த வாரம் ஒருநாள் இரவு 2 மணிக்கு உடம்பு கொதித்தது. 100.6. கணவர், "மூணு மணி நேரத்துல விடிஞ்சுடும், மாத்திரை போட்டுக்கோ" என்றார். அவர் மேல் தப்பில்லை, தூக்கக் கலக்கம். கீமோவில் இருப்பவருக்கு 100.4-ஐ, அதாவது 38 டிகிரி செல்சியஸைத் தொட்டுவிட்டால் காத்திருக்கவே கூடாது, வெள்ளணுக்கள் குறைந்திருக்கும், கிருமி மணிக்கணக்கில் பரவிவிடும் என்று எங்களுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். பழைய நானாக இருந்தால் "அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்று படுத்திருப்பேன். "இல்லங்க, இப்பவே போகணும்" என்றேன். வெள்ளணு எண்ணிக்கை அடிமட்டத்தில் இருந்தது. அந்த நேரத்திலேயே நரம்பு வழியாக மருந்து ஏற்றினார்கள். அந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு ரொம்ப நேரம் அழுதேன். அண்ணனுக்காகத்தான் அழுதேன். இதே மூன்று வார்த்தையை அன்றைக்குச் சொல்லியிருக்கலாமே என்று.

இரவில் இணையத்தில் தேடுவது எனக்கும் வழக்கமாகிவிட்டது. நீங்களும் தேடிக்கொண்டிருந்தால் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஸ்டீவன் ஜே கூல்ட் என்ற அமெரிக்கத் தொல்லுயிரியலாளருக்கு 1982-ல் வயிற்று உறையில் மீசோதெலியோமா என்ற அரிய புற்று வந்தது. படித்துப் பார்த்தால் நோயாளிகளின் இடைநிலை ஆயுள் 8 மாதம் என்று இருந்தது. அவருக்குப் புள்ளியியல் தெரியும். இடைநிலை என்றால் பாதிப் பேர் அதற்கு மேலும் இருந்தார்கள் என்று பொருள், அந்தப் பாதியில் சிலர் பல வருடங்கள் இருந்திருப்பார்கள் என்று கணக்குப் போட்டார். 20 வருடம் இருந்தார். 2002-ல் வேறொரு புற்றுநோயில்தான் இறந்தார். எல்லோருக்கும் அப்படி நடக்கும் என்று நான் சொல்லவில்லை. ஓர் எண்ணைப் பார்த்ததும் அதைத் தேதி என்று எடுத்துக்கொண்டு மூச்சடைத்துப் போவோமே, அந்த நேரத்தில் எனக்கு இது கை கொடுத்தது.

"பாசிட்டிவா இரு, எல்லாம் மனசுலதான் இருக்கு" என்று சொன்னவர்கள் எனக்குச் செய்த காயம் பெரியது. அழுதால் நோய் வளரும் என்று ஓர் உறவுக்காரர் முகத்துக்கு நேராகச் சொன்னார். அதனால் அழுத ஒவ்வொரு நாளும் கட்டியை நானே வளர்க்கிறேன் என்று பயந்தேன். 2007-ல் ஜேம்ஸ் காயின் என்ற ஆய்வாளரும் உடனிருந்தவர்களும் தலை, கழுத்துப் புற்று இருந்த 1,093 நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மனநிலை நன்றாக இருந்ததற்கும் எவ்வளவு காலம் வாழ்ந்தார்கள் என்பதற்கும் தொடர்பு தென்படவில்லை. அதைப் படித்த அன்று எனக்குக் கிடைத்த நிம்மதி சொல்லி மாளாது. அழ வேண்டுமென்றால் அழுங்கள். மருந்து அதன் வேலையைச் செய்யும்.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனால் இத்தனை வருடம் கழித்தும் ஆறவில்லை. அண்ணனின் கணக்கை முடிக்க அண்ணி ஒரு வங்கிக்கு ஆறு முறை நடந்தார். இறப்புச் சான்றிதழை மேசையில் வைத்துவிட்டு நிற்கிறார், எதிரில் இருந்தவர், "அவரோட நம்பருக்கு ஒரு ஓடிபி வரும், சொல்லுங்க" என்கிறார். அந்த நம்பரை அணைத்து மாதக்கணக்கு ஆகிவிட்டது. "அப்ப அவரையே நேர்ல வரச் சொல்லுங்க" என்றார். சான்றிதழ் அவர் கைக்குக் கீழேதான் இருந்தது. அவர் கெட்டவராக இருக்கமாட்டார், திரையில் இருப்பதைப் படித்திருப்பார். ஆனால் வீட்டில் ஒருவரைப் பறிகொடுத்தவர் எதிரில் நிற்கும்போது அந்தத் தாளை ஒருமுறை குனிந்து பார்த்திருக்கலாம்.

நம்பிக்கை பற்றிக் கேட்டீர்கள். நான் பார்த்ததைச் சொல்கிறேன். கீமோ அறையில் என் பக்கத்து நாற்காலியில் ஓர் அக்கா உட்காருவார். நோய் கல்லீரல் வரை போயிருந்தது, அவருக்கே தெரியும். ஒருநாள் புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். "பவர் மாறிடுச்சு, எழுத்தெல்லாம் மங்கலா தெரிஞ்சது, அதான் மாத்திட்டேன்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் அப்போது செருப்பு அறுந்தால்கூடப் புதிதாக வாங்காமல் ஊக்கு போட்டுக்கொண்டு நடந்தேன், எதற்கு வீண் செலவு என்று. அவர் அந்தக் கண்ணாடியோடு 7 மாதம் இருந்தார். வாரப் பத்திரிகையை அட்டை முதல் அட்டை வரை படிப்பார், குறுக்கெழுத்தில் விடை தெரியாவிட்டால் என்னைக் கேட்பார். அவர் கண்ணாடி போட்டு வந்த அன்று சாயங்காலமே நான் செருப்பு வாங்கினேன்.

அண்ணியிடம் அந்த 3 நிமிடப் பேச்சைப் பற்றி நான் சொல்லவே இல்லை. கடைசிக் கீமோவுக்கு அவர்தான் கூட வந்தார். ட்ரிப் ஏறிக்கொண்டிருக்கும்போது என்னையறியாமல் சொல்லிவிட்டேன். போர்வை நுனியை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். அப்புறம், "காலையிலேயே என்கிட்டயும் சொன்னார். நானும் ஒரு மாத்திரையை எடுத்துக் கொடுத்துட்டு வேலையைப் பார்க்கப் போயிட்டேன்" என்றார். இரண்டு பேரும் அதையே இரண்டு வருடமாக ஆளுக்கொரு வீட்டில் சுமந்திருக்கிறோம். அதற்கு மேல் பேசவில்லை. மருந்து முடிந்ததும் அவரே நர்ஸைக் கூப்பிட்டார்.

குற்ற உணர்ச்சி போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. அவர் இறந்த தேதி வரும்போதெல்லாம் தாடை வலிக்கிறது என்று அவர் சொன்ன குரல் கேட்கிறது. நோய் திரும்பவில்லை, 5 வருடம் தாண்டிவிட்டது. ஒவ்வொரு பரிசோதனைக்கு முந்தின வாரமும் தூக்கம் வராது. அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும் இல்லையா.

போன மாதம் இரவு ஒரு மணிக்கு அண்ணி போன் செய்தார். மகனுக்கு வயிற்று வலி. "உனக்கு என்ன தோணுது பாப்பா?" என்றார். அண்ணனுக்குப் பிறகு என்னைப் பாப்பா என்று கூப்பிடுவது அவர் மட்டும்தான். வலி எங்கே ஆரம்பித்தது என்று கேட்டேன். தொப்புளைச் சுற்றி ஆரம்பித்து இப்போது வலது பக்கம் அடிவயிற்றில் என்றார். "குடல்வாலா இருக்கலாம் அண்ணி. கிளம்புங்க, நானும் அங்க வந்துடறேன்" என்றேன். ஸ்கேன் எடுத்தார்கள், நாலு மணி நேரம் வைத்திருந்து பார்த்தார்கள். ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். வெளியே வரும்போது விடிந்திருந்தது. பையன் அண்ணியின் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டே நடந்தான். வீணாக அலைய வைத்துவிட்டேனே என்று எனக்குத் தோன்றவில்லை. அண்ணியும் அப்படிச் சொல்லவில்லை. "நீ கொஞ்சம் தூங்கு, பத்து மணிக்குப் பேசறேன்" என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினார்.