நஷ்டத்தை மட்டும் எழுதும் கணக்குப்பிள்ளை

கேள்வி: ‘நீ எதற்கும் லாயக்கில்லை’ என்று மனதுக்குள் ஓயாமல் ஒரு குரல் கேட்கிறது. நல்லதையே நினை என்கிறார்கள், எனக்குப் பலிக்கவில்லை. இந்தக் குரலை மாற்றிய அனுபவம் யாருக்காவது உண்டா?

உண்டு. ஆனால் முழுதாக மாற்றிவிட்டேன் என்று சொன்னால் அது பொய். அந்தக் குரல் இப்போதும் வருகிறது. முன்பெல்லாம் வீட்டுக்குச் சொந்தக்காரன் மாதிரி நடுக்கூடத்தில் வந்து உட்காரும். இப்போது கடன் கேட்டு வந்தவன் மாதிரி வாசலிலேயே நிற்கிறது. இவ்வளவுதான் முன்னேற்றம். எனக்கு இது போதும்.

நான் பாம்பன்காரன். படகு இன்ஜின் பழுது பார்ப்பது தொழில். அப்பா நாட்டுப்படகில் தென்கடலுக்குப் போனவர். எனக்கு 14 வயதில், ஒரு மே மாத விடுமுறையில், முதன்முதலாக என்னையும் படகில் ஏற்றிக்கொண்டார். அப்பா, சித்தப்பா, கூட்டாளிகள் இருவர், கடைசியாக நான். இருட்டோடு தெற்குவாடிக் கரையிலிருந்து கிளம்பினோம். குருசடைத் தீவைத் தாண்டுவதற்குள் எனக்குக் குடலே வெளியே வந்துவிடும்போல ஆகிவிட்டது. முதலில் இரவு சாப்பிட்ட சோறு, பிறகு வெறும் தண்ணீர், அதன் பிறகு கசப்பாகப் பச்சை நீர். வலையை முழுதாக விடவே இல்லை. அப்பா பாதியில் படகைத் திருப்பினார். டீசல் காசும் போயிற்று, ஒரு நாள் தொழிலும் போயிற்று.

கரையில் மீனுக்காகக் கூடையோடு காத்திருந்தவர்கள் முன்னால் சித்தப்பா சொன்னார்: “இவன் கரைக்குத்தான் லாயக்கு.” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கடற்கரை ஊரில் இது லேசான வார்த்தை இல்லை. (கடலோடி என்றால் படகில் போகிற ஆண் என்றுதான் ஊருக்கு நினைப்பு. பாசி எடுக்கப் போகும் எங்கள் பக்கத்துப் பெண்கள் விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு பாறைகளுக்கு நடுவே மணிக்கணக்கில் மூழ்கி எழுகிறார்கள். அவர்களை யாரும் அந்தப் பெயரால் அழைப்பதில்லை. அது தனியாக எழுத வேண்டிய விஷயம்.)

பிறகு பாலிடெக்னிக்கில் முதல் வருடம் மூன்று பாடங்களில் தேறவில்லை. ‘கரைக்குத்தான் லாயக்கு’ என்றது குரல். ராமநாதபுரத்தில் உதிரிபாகக் கடை போட்டேன். பதினான்கே மாதத்தில் மூடினேன். அதற்குள் ‘கரைக்கு’ என்ற சொல்லும் உதிர்ந்துபோய், ‘லாயக்கில்லை’ மட்டும் மிச்சமாக இருந்தது. பெண் பார்த்த இடம் தட்டிப்போனது, ஆசையாக வாங்கிய பழைய பைக் நடுவழியில் நின்றது, எல்லாம் அந்த ஒரே தலைப்பின் கீழ் போய்ச் சேர்ந்தன. கூர்ந்து கவனித்தால் அந்தக் குரல் ‘நான்’ என்று ஒருநாளும் பேசியதில்லை. ‘நீ தொட்டது எது துலங்கியது?’ என்று முன்னிலையில்தான் கேட்கும். என்றோ யாரோ சொன்னதை என் குரல் என்று எண்ணி இத்தனை காலம் வைத்திருந்தேன் என்பது எனக்குப் புரிய நாற்பது வயதானது.

நடுவில் நானும் நல்வாக்கு மருந்து சாப்பிட்டுப் பார்த்தவன்தான். நண்பர் ஒருவர் தினமும் காலையில் சூரிய உதயப் படம் போட்டு ‘உன்னால் முடியும்’ என்று அனுப்புவார். அவர் சொல்லித்தான் கண்ணாடி முன் நின்று ‘நான் திறமைசாலி’ என்று இருபது தடவை சொல்லத் தொடங்கினேன். மூன்றாவது தடவையிலேயே உள்ளேயிருந்து பதில் வந்தது: ‘யார் சொன்னது?’ அதற்கு என்னிடம் பதில் இல்லை. வாதத்தில் தோற்றுப்போன கணக்காக, முன்பைவிட மோசமான மனநிலையோடு வேலைக்குப் போனேன். இதுவும் என் குறைதான் என்று அப்போது நினைத்தேன். அப்படி இல்லை என்பது பின்னால் படித்தபோது தெரிந்தது. கனடாவில் ஜோஆன் வுட் என்ற உளவியல் பேராசிரியரும் உடன் பணியாற்றியவர்களும் 2009-ல் இதைச் சோதித்து வெளியிட்டிருக்கிறார்கள். தன்மீது மதிப்புக் குறைந்தவர்கள் ‘நான் அன்புக்குரியவன்’ என்று திரும்பத் திரும்பச் சொன்னபோது, சொல்லாமல் இருந்தவர்களைவிட அவர்களுக்கு மனம் இன்னும் தாழ்ந்துபோனது. ஏற்கெனவே தன்னை மதிப்பவர்களுக்குத்தான் கொஞ்சம் பலன். பசித்தவனுக்குப் பலிக்காமல் உண்டவனுக்கு மட்டும் பலிக்கும் மருந்து. ஆகவே உங்களுக்குப் பலிக்காததில் வியப்பு ஒன்றும் இல்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். எங்கள் மாவட்டத்தில் ‘மனசு சரியில்லை’ என்று வாயெடுத்தால் ‘ஏர்வாடிக்குக் கூட்டிப் போ’ என்று கேலியாக முடித்துவிடுவார்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டிப் போட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் இறந்தார்கள். அந்தச் செய்தி வந்தபோது எனக்கு இருபது வயது. உள்ளே கேட்பதை வெளியே சொன்னால் என்ன ஆகும் என்ற பயம் என்னைப் போன்றவர்களுக்கு அதன் பிறகு இன்னும் இறுகிப்போனது. அதனால் பல வருடம் யாரிடமும் சொல்லவில்லை. நீங்கள் அந்தத் தவறைச் செய்ய வேண்டாம். உங்கள் குரல் ‘லாயக்கில்லை’ என்பதோடு நிற்காமல் ‘நீ இருந்து என்ன பயன்’ என்ற இடத்துக்கு வந்துவிட்டால், என் பதிலை இத்தோடு மூடிவிட்டு 14416 என்ற எண்ணை அழையுங்கள். அரசின் டெலி மானஸ் சேவை அது. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவும் இருக்கிறது. அந்த நிலைக்கு, நான் கீழே சொல்லப்போவது போல நம் கதையை மாற்றிச் சொல்லிப் பார்ப்பது மட்டும் போதாது.

சரி, எனக்கு என்ன நடந்தது?

2025 ஏப்ரலில் பாம்பனில் புதிய ரயில் பாலம் திறந்தார்கள். அதன் நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே எழும்பிக் கப்பலுக்கு வழிவிடும். அது ஏறி இறங்குவதைப் பார்க்கும் ஆசையில் அப்பாவை ஒரு மாலை அழைத்துப் போனேன். 1914-ல் கட்டிய பழைய பாலம் பக்கத்திலேயே நின்றது. அதைப் பார்த்ததும் அவருக்கு 1964 புயல் நினைவு வந்துவிட்டது. அப்போது அவர் சிறு பையன். எங்கள் அப்பத்தா அந்தப் புயலை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். ஒரு விசித்திரம்: எந்த மனநிலையில் இருக்கிறாரோ அதற்குத் தக்கபடி அவர் கதையை முடிப்பார். கோபமாக இருந்தால் டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடி ரயிலை அலை இழுத்துக்கொண்டு போனதோடு நிறுத்திவிடுவார். எங்களைத் தூங்க வைக்க வேண்டுமென்றால் நிறுத்த மாட்டார்; அடித்துப் போன பாலத்தை 46 நாளில் சரி செய்தது வரை சொல்லி, மறுபடி ரயில் ஊதிக்கொண்டு வந்த சத்தத்தில்தான் முடிப்பார். ஆறு மாதம் ஆகும் என்று ரயில்வே நினைத்த வேலை அது. ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளர் பொறுப்பில் நடந்தது. இரண்டுமே நடந்தவைதான். ரயிலோடு போனவர்கள் திரும்பவில்லை, பாலமும் நின்றது. அப்பத்தா எந்த இடத்திலும் பொய் சொல்லவில்லை. நிறுத்தும் இடம்தான் வேறு.

தம் வாழ்க்கையை மனிதர்கள் எப்படிக் கதையாகச் சொல்கிறார்கள் என்று ஆராய்ந்த டான் மெக்கடம்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் இந்த இரண்டு வடிவத்தையும் பிரித்துக் காட்டியிருக்கிறார்: நன்றாக இருந்தது கெட்டதில் முடிவது ஒன்று, கெட்டதிலிருந்து ஏதோ ஒன்று முளைப்பது மற்றொன்று. அவரைப் படிப்பதற்கு முன்பே எனக்கு அப்பத்தாவிடம் பாடம் ஆகியிருக்க வேண்டும். ஆகவில்லை. ஊர்க் கதையில் தெரிந்தது சொந்தக் கதையில் தெரியவில்லை.

அன்று பாலத்தைப் பார்த்தபடியே, விளையாட்டாகத்தான், “நீங்கள் என்னை ஒரே ஒரு தடவை கடலுக்கு அழைத்துப் போய்க் காசை விட்டீர்களே” என்றேன்.

“எப்போது?”

“வாந்தி எடுத்தேனே.”

“யார்தான் எடுக்கவில்லை? நானே முதல் வருடம் பூராவும் எடுத்தேன். அன்றைக்குக் கச்சான் ஏறியிருந்தது. அந்தக் காற்றில் உன்னை ஏற்றியதே என் தப்பு.” சற்று யோசித்துவிட்டு, “அன்றைக்குத்தானே இன்ஜின் சத்தம் மாறுகிறது என்று நீ சொன்னாய்?” என்றார்.

எனக்கு அப்படி ஒன்று நினைவிலேயே இல்லை.

“தண்ணீர் இழுக்கும் குழாயில் பாசி அடைத்துவிட்டது. இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தால் இன்ஜின் சூடேறிப் பிடித்திருக்கும். அதனால்தான் திருப்பினேன். உன் வாந்திக்கு யாரடா படகைத் திருப்புவான்?”

சொல்லிவிட்டு அவர் பாலத்தைப் பார்க்கத் திரும்பிவிட்டார். எனக்குத்தான் கை கால் ஓடவில்லை. முப்பது வருடம் நான் சுமந்த கதையில் காற்று இல்லை, பாசி இல்லை, இன்ஜின் இல்லை. வாந்தியும் சிரிப்பும் மட்டுமே இருந்தன.

அப்பா பாசத்தில் பெருக்கிச் சொல்லியிருக்கலாம் என்ற சந்தேகமும் வந்தது. அன்று படகில் இருந்த கூட்டாளி ஒருவர் இன்னும் தங்கச்சிமடத்தில் இருக்கிறார். போய்க் கேட்டேன். கச்சான் நினைவிருக்கிறது, குழாய் அடைத்ததும் நினைவிருக்கிறது என்றார். “நீ சொன்னாயா என்பது எனக்குத் தெரியாதப்பா.” ஆகவே அந்தப் பங்கை நான் கணக்கில் ஏற்றிக்கொள்ளவில்லை. மீதி இரண்டே போதுமானதாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் குரலுக்கு ஒரு பெயர் வைத்தேன்: கணக்குப்பிள்ளை. நஷ்டத்தை மட்டும் எழுதி, வரவை விட்டுவிடும் கணக்குப்பிள்ளை. சித்தப்பாவின் பெயரை வைக்க மனம் வரவில்லை. பாவம், அவர் சொன்னதை அன்று மாலையே மறந்திருப்பார். பிரச்சினையை ஆளிடமிருந்து பிரித்து எதிரே உட்கார வைத்துப் பெயரிட்டுப் பேசும் முறையை ஆஸ்திரேலியாவின் மைக்கேல் வைட், நியூசிலாந்தின் டேவிட் எப்ஸ்டன் இருவரும் ஒரு சிகிச்சையாகவே வளர்த்திருக்கிறார்கள் என்பதும் பிறகு அறிந்ததுதான். பெயர் வைத்தால் என்ன லாபம் என்றால், கணக்குப்பிள்ளையைக் கேள்வி கேட்கலாம். ‘நீ லாயக்கில்லை’ என்பது நானே ஆகிவிட்டால் கேள்வி கேட்க ஆள் இல்லை.

பட்டறையில் பற்று வரவு நோட்டு ஒன்று உண்டு. எந்தப் படகுக்கு என்ன மாற்றினேன், எவ்வளவு பாக்கி என்று எழுதுவது. அதன் பின்பக்கத்திலிருந்து எழுத ஆரம்பித்தேன். இடது பக்கம் கணக்குப்பிள்ளை சொன்னது, அவர் வார்த்தையிலேயே. வலது பக்கம் அவர் விட்டுவிட்டது. ஒரே ஒரு விதி: சாட்சி இல்லாத எதையும் வலது பக்கம் எழுதக்கூடாது. ‘நான் கெட்டிக்காரன்’ என்று எழுத முடியாது. ‘மீன்பிடித் தடைக்காலத்தில் ஐந்து படகு இன்ஜினை இறக்கி ஏற்றினேன், ஐந்தும் ஜூன் 15 அன்று ஓடின’ என்று எழுதலாம். ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும் காலம்தான் எங்களைப் போன்றவர்களுக்கு அறுவடை. கடையை மூடிய கதையையும் இப்படித் திரும்ப எழுதினேன். வியாபாரம் எனக்கு வரவில்லை என்பது அப்படியே நின்றது, அதை அழிக்கவில்லை. ஆனால் வாங்கிய கடன் முழுவதையும் இரண்டு வருடத்தில் அடைத்தேன் என்பதும், எந்தப் பாகம் அசல், எது போலி என்று கையில் எடுத்ததும் தெரியும் பழக்கம் அந்தக் கடையில் வந்ததுதான் என்பதும் வலது பக்கம் ஏறின. தினமும் எழுதுவதில்லை. குரல் சத்தமாக இருக்கும் நாளில் மட்டும் எழுதுவேன்.

சோதனை போன கார்த்திகையில் வந்தது. வாடை வீசும் காலம். நான் வேலை பார்த்துக் கொடுத்த ஒரு விசைப்படகு வடகடலில் நடுவே நின்றுபோனது. வேறொரு படகு கயிறு கட்டி இழுத்து வந்து சேர்த்தது. ஐந்து பேர் இரவெல்லாம் அலையில் ஆடியிருக்கிறார்கள். போய்ப் பார்த்தால், டீசல் குழாய் இணைப்பில் புதிதாகப் போட வேண்டிய காப்பர் வாஷருக்குப் பதில், அவசரத்தில் பழையதையே நான் திரும்பப் போட்டிருந்தேன். அந்தக் கசிவில் காற்று இழுத்து இன்ஜின் நின்றுவிட்டது.

அன்று கணக்குப்பிள்ளை வாசலில் நிற்கவில்லை, நேராக உள்ளே வந்துவிட்டார். முப்பது வருடப் பழைய ஏடுகளோடு வந்தார். நோட்டை எடுத்தேன். இடது பக்கம்: ‘நீ தொட்டது எதுவும் துலங்காது.’ வலது பக்கம் என்ன எழுதுவது? இந்த முறை காற்றையும் பாசியையும் காரணம் காட்ட முடியாது. தவறு என்னுடையது, சாட்சி என் கையிலேயே இருந்தது. வெகுநேரம் கழித்து எழுதினேன்: ‘பழைய காப்பர் வாஷர் ஒன்று.’ அவ்வளவுதான். தவறின் அளவு அந்த வாஷரின் அளவுதான் என்பதைக் கண்ணால் பார்க்க அது தேவைப்பட்டது. ஐந்து பேர் உயிர் அதில் ஆடியது என்பதும் உண்மை. அதையும் கீழே எழுதினேன்.

மறுநாள் படகுச் சொந்தக்காரரான சம்மாட்டியிடம் போய், “தவறு என்னுடையது ஐயா, வாஷரை மாற்றாமல் விட்டுவிட்டேன்” என்றேன். பழைய நான் டீசலில் அழுக்கு என்று சொல்லிச் சமாளித்திருப்பேன். லாயக்கில்லாதவன் என்று ஊர் முன்னால் நிரூபணம் ஆகிவிடும் என்ற பயம் அப்படிப் பேச வைக்கும். அவர் திட்டினார், நன்றாகவே திட்டினார். இழுத்து வந்த படகின் டீசல் காசை நான் கொடுத்தேன்.

பத்து நாள் கழித்து அவரிடமிருந்து அழைப்பு. “தம்பி, இன்ஜினில் ஒரு சத்தம் வருகிறது, கொஞ்சம் கேள்” என்று கைபேசியை இன்ஜின் பக்கம் பிடித்தார். வாடைக்காற்றின் இரைச்சலில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. புதிய காப்பர் வாஷர் நான்கை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.